உயரம் கூட்டியும் தரையைத் தொடாத சக்கரம்: கொழுக்குமலை ஜீப் ஒன்றின் புஷ் மாற்றம்

பின்னணி

தேனி மாவட்டத்தின் விளிம்பில், 7,000 அடிக்கு மேல் இருக்கிறது கொழுக்குமலை. மலை தமிழ்நாட்டில் இருந்தாலும் வண்டிப்பாதை கேரளத்தின் சூரியநெல்லியிலிருந்துதான் ஏறுகிறது. தேயிலைத் தோட்டங்களைத் தாண்டியதும் அது பாதை என்ற பெயருக்குத் தகுதியற்றுப் போய்விடும். புடைத்து நிற்கும் பாறை, மழைநீர் அறுத்த பள்ளம், சக்கரத்தின் அடியில் உருளும் கல் என்றே போகும். சூரிய உதயம் பார்க்க வருகிறவர்களை அதிகாலை இருட்டிலேயே ஏற்றிக்கொண்டு, நான்கு சக்கர இயக்கமுள்ள ஜீப்புகள் வரிசையாக ஏறுகின்றன.

இந்த ஆய்வில் வரும் ஜீப்பின் உரிமையாளரே ஓட்டுநரும். பல ஆண்டுகளாக இதே பாதையில் ஓட்டுபவர். வண்டி மகிந்திராவின் பழைய எம்எம் வகை. முன்னும் பின்னும் முழு ஆக்சில், நான்கு மூலையிலும் கமான் பட்டை (எஃகுப் பட்டைகளை அடுக்கிக் கட்டிய ஸ்பிரிங்), இரண்டு டிஃபரன்ஷியலும் (ஆக்சிலின் இரு சக்கரங்களுக்கும் சக்தியைப் பிரிக்கும் பல்சக்கர அமைப்பு) சாதாரண வகை, இரு சக்கரங்களையும் சேர்த்துச் சுழல வைக்கும் லாக் கிடையாது. ஓட்டுநரைத் தவிர ஆறு பேர் ஏறுவார்கள்.

டிஃபரன்ஷியலில் லாக் இல்லாததை ஆரம்பத்திலேயே குறிப்பிடக் காரணம் உண்டு. அத்தகைய வண்டியில் ஒரு சக்கரம் அந்தரத்தில் நின்றால், அந்த ஆக்சிலின் சக்தி முழுவதும் சும்மா சுழலும் அந்தச் சக்கரத்துக்கே போய்விடும். மூலைவிட்டமாக முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றும் தூக்கிக்கொண்டால், நான்கு சக்கர இயக்கத்தில் இருந்தாலும் வண்டி நின்ற இடத்தில் நிற்கும். அப்போது ஓட்டுநருக்கு இருக்கும் ஒரே வழி வேகம். பின்வாங்கி, ஆக்சிலேட்டரை மிதித்து, மோதி ஏறுவது. பள்ளத்தாக்கின் ஓரத்தில், உள்ளே ஆறு பேரை வைத்துக்கொண்டு செய்யக்கூடிய காரியம் அல்ல அது.

வண்டி போடியில் உள்ள எங்கள் பட்டறைக்கு வந்தது முன் இடது மெயின் பட்டை (கட்டின் மேல் பட்டை) உடைந்த நிலையில். உரிமையாளர் கேட்டது இதுதான்: "உடைந்த பட்டையை மாற்றுங்கள் அண்ணே, கூடவே இன்னொரு பட்டை சேர்த்து வண்டியை இன்னும் இரண்டு அங்குலம் தூக்கிக் கொடுங்கள். பள்ளத்தில் சக்கரம் தூக்கிக்கொள்கிறது, அடியும் இடிக்கிறது."

இதற்கு முன்பே வேறொரு பட்டறையில் முன்னும் பின்னும் ஆளுக்கொரு பட்டை சேர்த்து, பழைய பட்டைகளை அடித்து வளைவு ஏற்றி, வண்டியை உயர்த்தியிருந்தார்கள். அதற்குப் பிறகுதான் சக்கரம் தூக்குவது அதிகமானது என்று அவரே சொன்னார். இரண்டையும் அவர் சேர்த்துப் பார்க்கவில்லை. உயரம் இன்னும் போதவில்லை என்றே எடுத்துக்கொண்டிருந்தார்.

வண்டி வந்தபோது கண்டவை

கழுவிய பிறகே பார்ப்பது எங்கள் வழக்கம் அல்ல. முதலில் கழுவாமல்தான் பார்ப்போம். எந்த இணைப்பு அசைகிறது, எது உறைந்து கிடக்கிறது என்பதைச் சேறும் தூசும் காட்டிக்கொடுக்கும். பட்டையின் ஒரு முனையைச் சேசிஸோடு ஆடும்படி இணைக்கும் இரட்டைத் தகடு ஷாக்கிள்; அந்த இணைப்பில் போல்ட்டைச் சுற்றி இருக்கும் மெத்தை புஷ். இந்த வண்டியின் ஷாக்கிள் தகடுகளில் காய்ந்த சேறு விரிசலே இல்லாமல் புஷ்ஷோடு சேர்ந்து அப்பியிருந்தது. மலையிலிருந்து இறங்கி வந்த வண்டியில் ஷாக்கிள் ஆடியிருந்தால் அந்தச் சேறு உதிர்ந்திருக்க வேண்டும்.

கழுவிய பிறகு மற்றவை தெரிந்தன. முன் ஷாக்கிள்கள் இரண்டும் ஏறக்குறைய நேர் செங்குத்தாக, இடது பக்கம் சற்று உள்ளே சாய்ந்தே நின்றன. பட்டைக்கு வளைவு அதிகமானால் அதன் இரு முனைகளிலும் போல்ட் நுழையும் கண்களுக்கு இடையே உள்ள தூரம் குறையும். ஷாக்கிள், மறுமுனையில் சேசிஸோடு நேராகப் பூட்டிய நிலைத்த கண்ணின் பக்கமாக இழுபடும். பட்டை தொங்கும்போது ஷாக்கிள் இன்னும் அதே திசையில்தான் போக வேண்டும். அதற்கான இடத்தை நின்ற நிலையிலேயே தின்றுவிட்டார்கள்.

புஷ்கள் ரப்பர் அல்ல, மஞ்சள் நிறப் பாலியூரித்தேன். இரண்டு பாதிகளாக வந்து, நடுவில் இரும்புக் குழல் செருகப்படும் வகை. ஷாக்கிள் தகட்டை ஒட்டிய விளிம்புகள் பளபளவென்று தேய்ந்திருந்தன. போல்ட்டைக் கழற்றி வெர்னியரால் அளந்தபோது, நடுக்குழல் புஷ்ஷின் அகலத்தைவிட ஏறக்குறைய 1 மி.மீ. குட்டையாக இருந்தது. இது சிறிய விஷயம் அல்ல. நடுக்குழல் புஷ்ஷைவிட ஒரு மயிரிழையாவது நீளமாக இருந்தால்தான் போல்ட்டை இறுக்கும்போது தகடுகள் குழலைப் பிடிக்கும், புஷ் அதன் மீது சுழலும். குழல் குட்டையானால் தகடுகள் புஷ்ஷின் விளிம்பையே நெரிக்கும். கிரீஸ் காய்ந்து தூளாகியிருந்ததையும் சேர்த்தால், அந்த ஷாக்கிள்கள் ஏன் ஆடவில்லை என்பதற்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

உடைந்த மெயின் பட்டையின் முறிவு கண்ணிலிருந்து சிறிது தள்ளி இருந்தது. முறிவின் முகத்தில் ஓரத்தில் பழைய துருவும், நடுவில் புதிய சாம்பல் நிறமும் இருந்தன. ஒரே அடியில் உடைந்தது அல்ல. விளிம்பில் தொடங்கிய வெடிப்பு நாள்பட வளர்ந்து கடைசியில் விட்டிருக்கிறது. முறுக்கம் திரும்பத் திரும்ப வந்த இடத்தில் எதிர்பார்க்கக்கூடிய முறிவு.

அடுத்து, பட்டையின் முனைகளைத் தாங்கச் சேசிஸில் உள்ள ஹேங்கர் பிராக்கெட்டுகள். மண்ணெண்ணெய் தடவித் துடைத்துக் காயவிட்டு, சாக்பீஸ் தூளைத் தேய்த்தோம். வெடிப்பு இருந்தால் உள்ளே புகுந்த மண்ணெண்ணெய் கசிந்து வெள்ளைத் தூளில் ஈரக்கோடாக எழும். இடது முன் ஹேங்கரின் வெல்டிங் ஓரத்தில் விரலளவு நீளத்துக்கு அந்தக் கோடு வந்தது. மற்ற மூலைகளில் இல்லை.

பழைய ரப்பர் புஷ்ஷில் கிடைத்த தடயம்

ஏன் பாலியூரித்தேனுக்கு மாறினீர்கள் என்று கேட்டோம். ரப்பர் புஷ் அடிக்கடி கிழிந்துபோகிறது, ஒரு சீசன்கூடத் தாங்கவில்லை, பாலியூரித்தேன் போட்டால் ஆயுளுக்கும் பார்க்க வேண்டாம் என்றார்கள் என்பது பதில். நல்வாய்ப்பாக, கழற்றிய ரப்பர் புஷ்களில் சிலவற்றை அவர் சீட்டுக்கு அடியில் டூல்ஸ் பெட்டியிலேயே போட்டு வைத்திருந்தார். இந்த நிகழ்வில் என்னை மிகவும் யோசிக்க வைத்தவை அந்த நான்கைந்து ரப்பர் துண்டுகள்தான்.

வயதாகிக் கெட்ட ரப்பர் புஷ்ஷில் விளிம்புகளில் வெடிப்புகள் தெரியும், ரப்பர் இறுகிப் பொடியும். இவை அப்படி இல்லை. ரப்பர் இன்னும் மென்மையாகவே இருந்தது. ஆனால் நடுக்குழலை ஒட்டிச் சுற்றுவட்டமாக, ஒரே திசையில் முறுக்கி இழுத்ததுபோல் கிழிந்திருந்தது. அதே நேரத்தில் குழலின் முகத்தில் உள்ள பற்கள் ஷாக்கிள் தகட்டில் ஒரே ஒரு தடத்தைத்தான் பதித்திருந்தன. குழல் நழுவவில்லை, இறுக்கமாகப் பிடிக்கப்பட்டிருக்கிறது. முறுக்கம் முழுவதையும் ரப்பர் ஏற்றிருக்கிறது.

ரப்பர் புஷ் சுழலும் பாகம் அல்ல என்பதைப் பல பட்டறைகள் கவனிப்பதில்லை. வெளிப்பக்கம் பட்டைக் கண்ணோடு ஒட்டியிருக்கும், உள்குழல் தகடுகளுக்கு இடையே அசையாமல் இருக்கும், நடுவில் உள்ள ரப்பர் முறுக்கிக்கொடுத்துத் திரும்பும். ஆகவே போல்ட்டை எந்த நிலையில் இறுக்குகிறோமோ அதுவே ரப்பருக்கு ஓய்வு நிலை. சக்கரம் தொங்கும்போது இறுக்கினால், வண்டியைத் தரையில் இறக்கிய அந்த நிமிடமே ரப்பர் முறுக்கிக்கொள்ளும். வண்டி சும்மா நிற்கும்போதும் முறுக்கத்திலேயே நிற்கும். பாறையில் சக்கரம் மேலேறும்போது அந்த முறுக்கம் இன்னும் கூடும்.

முன்பு எப்படி இறுக்கினார்கள் என்று விசாரித்தோம். வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, சக்கரங்கள் தொங்கிக்கொண்டிருக்கும்போதே எல்லா போல்ட்டையும் இறுக்கிவிட்டுத்தான் இறக்கினார்கள் என்றார். தொங்கும் நிலைக்கும் ஆள் ஏறிய நிலைக்கும் ஷாக்கிளின் கோணம் எவ்வளவு மாறுகிறது என்று கோணமானி வைத்துப் பார்த்தோம். 25 பாகைக்குச் சற்றுக் கூடுதலாக வந்தது. எந்த ரப்பரும் ஓய்வு நிலையிலேயே அவ்வளவு முறுக்கத்தைச் சுமந்துகொண்டு ஆண்டுக்கணக்கில் உழைக்காது.

ஆக, தவறாக இறுக்கியதால் ரப்பர் கிழிந்தது. ரப்பர் மட்டம் என்று முடிவு கட்டப்பட்டது. கெட்டியான பாலியூரித்தேன் வந்தது. அது இணைப்பைப் பூட்டியது. பூட்டிய இணைப்பின் முறுக்கம் பட்டைக்கும் ஹேங்கருக்கும் போனது, ஒன்று உடைந்தது, மற்றொன்று வெடித்தது. நடுவில் உயரம் கூட்டியது இதையெல்லாம் விரைவுபடுத்தியது.

அளவெடுத்தல்

பழுது பார்ப்பதற்கு முன் சக்கரங்கள் உண்மையில் எவ்வளவு ஏறி இறங்குகின்றன என்று அளக்க முடிவு செய்தோம். உடைந்த பட்டைக்கு மாற்றாகப் பழைய பட்டை ஒன்றைத் தற்காலிகமாகப் பொருத்தி, மற்றவற்றை வந்தபடியே விட்டோம். இந்தச் சோதனைக்கு வெளிநாடுகளில் 20 பாகைச் சாய்தளம் வைத்திருக்கிறார்கள். ஒரு முன்சக்கரத்தை அதில் ஏற்றி, வேறொரு சக்கரம் தரையை விடும்வரை ஓட்டி, ஏறிய தூரத்தைச் சக்கர இடைத்தூரத்தால் வகுத்து 1,000ஆல் பெருக்குவார்கள். எங்களிடம் சாய்தளம் இல்லை. சமமான சிமெண்டுத் தரையில் மற்றச் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஒரு முன்சக்கரத்தின் அடியில் மரக்கட்டைகளை ஒவ்வொன்றாக அடுக்கி உயர்த்தினோம்.

சக்கரம் தரையை விட்டதைக் கண்ணால் நிதானிப்பது கடினம். மற்ற மூன்று டயர்களின் அடியிலும் மெல்லிய தகரத் துண்டுகளைச் செருகி, ஒவ்வொரு கட்டைக்கும் ஒருமுறை இழுத்துப் பார்த்தோம். எந்தத் தகரம் முதலில் தடையில்லாமல் வருகிறதோ அந்தச் சக்கரம் பாரத்தை இழந்துவிட்டது. சீட்டுகளில் ஆறு பேரின் எடைக்கு மணல் மூட்டைகளை வைத்தே இதைச் செய்தோம். வெறும் வண்டியில் கிடைக்கும் அளவுக்கு இவருடைய தொழிலில் பயன் இல்லை.

வந்த நிலையில், முன் இடது சக்கரம் 28 செ.மீ. உயர்ந்தபோதே அதே பக்கத்துப் பின்சக்கரத்தின் தகரம் கையோடு வந்துவிட்டது. பட்டைகளுக்கு இடையே இடைவெளி எங்கும் தெரியவில்லை. அவற்றைச் சேர்த்துக் கட்டும் கிளிப்புகள் நெரித்துப் பிடித்திருந்தன.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு, உயரம் கூட்டுவதில்லை. இதை உரிமையாளருக்குப் புரியவைக்கத்தான் அதிக நேரம் பிடித்தது. கடைசியில் ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினேன். ஒரு மூலையில் 300 கிலோ பாரம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மி.மீ. அமுங்க 6 கிலோ கேட்கும் பட்டையானால், வண்டி நிற்கும்போது அது 50 மி.மீ. அமுங்கியிருக்கும். 4 கிலோ கேட்கும் பட்டையானால் 75 மி.மீ. பள்ளத்தில் சக்கரம் கீழே இறங்க வேண்டும் என்றால் பட்டை நிமிர வேண்டும். நின்ற நிலையில் எவ்வளவு அமுங்கியிருக்கிறதோ ஏறக்குறைய அவ்வளவுதான் அது நிமிர முடியும். ஆகவே விறைப்பைக் கூட்டி உயர்த்தப்பட்ட வண்டியின் சக்கரம் பள்ளத்தைத் துரத்திப் போகாது, தூக்கிக்கொண்டு நிற்கும். அவர் அந்தக் காகிதத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, "அப்படியென்றால் நான் காசு கொடுத்துத்தான் சக்கரத்தைத் தூக்கியிருக்கிறேன்" என்றார்.

சேர்த்த பட்டைகள் தடிமனிலும் மாறுபட்டவை. பழையவை 6 மி.மீ., சேர்த்தவை 7 மி.மீ. விறைப்பு தடிமனின் மும்மடியைப் பொறுத்தது என்பதால், 7 மி.மீ. பட்டை ஒன்று அதே அகலமும் நீளமும் உள்ள 6 மி.மீ. பட்டையைப்போல் ஒன்றரை மடங்குக்கும் மேல் விறைப்பானது. எண்ணிக்கையில் ஒன்று கூடியதுபோல் தெரிந்தாலும் விளைவில் ஒன்றரைக்கும் மேல் கூடியிருக்கிறது. அவற்றை நீக்கி, முன்னும் பின்னும் தயாரிப்பாளர் கொடுத்த எண்ணிக்கைக்கே திரும்புவது என்று தீர்மானித்தோம். வாடகைக்கு ஓடும் வண்டி என்பதால் இதில் சட்டப் பக்கமும் உண்டு. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, தயாரிப்பாளர் நிர்ணயித்த விவரங்களிலிருந்து வண்டியை மாற்றியமைப்பதைக் கட்டுப்படுத்துகிறது.

பின்பக்கத்தில் இன்னும் ஒரு பட்டையைக் குறைத்தால் நெகிழ்வு கூடும் என்று எங்கள் பட்டறை இளைஞர் ஒருவர் சொன்னார். உண்மைதான். ஆனால் ஆறு பேர் பின்னால் ஏறும் வண்டியில் அதைச் செய்தால் போடிமெட்டு வளைவுகளில் வண்டி சாயும், பாறையில் இறங்கும்போது, ஆக்சில் சேசிஸில் மோதாமல் இருக்க வைத்த ரப்பர் தடுப்பில் போய் இடிக்கும். தனியே ஓட்டி விளையாடும் வண்டிக்குச் சரியாகும் ஒன்று, ஆள் ஏற்றும் வண்டிக்குச் சரியாகாது. மறுத்துவிட்டோம்.

இரண்டாவது முடிவு, புஷ்கள் மீண்டும் ரப்பராக. பாலியூரித்தேனைக் குறை சொல்வதற்காக அல்ல. தார்ச்சாலையில் வேகமாக ஓடும் வண்டிக்கு, ஆக்சில் அசையாமல் இருக்க அது உதவும். ஆனால் ஒரு சக்கரம் ஏறி மற்றது இறங்கும்போது ஆக்சில் சாய்கிறது; ஆக்சிலோடு யு-போல்ட்டால் கட்டப்பட்ட பட்டை தன் நீளவாக்கில் முறுக்கிக்கொள்கிறது; கண்ணும் அதோடு பக்கவாட்டில் சாய வேண்டியிருக்கிறது. பொதுவாக ரப்பர் புஷ்ஷின் கடினம் ஷோர் ஏ அளவில் 55 முதல் 70 வரை இருக்கும், இத்தகைய பாலியூரித்தேன் 80 முதல் 95 வரை. முதலாவது அந்தச் சாய்வுக்கு இடம் கொடுக்கும். இரண்டாவது எதிர்க்கும்.

ஷாக் அப்சார்பர்களையும் மாற்ற வேண்டும் என்று சொன்னோம். முன்பக்கத்தவை முழுவதும் நீண்டுவிடும் நிலைக்கு அருகில் இருந்தன. பணம் போதாததால் அடுத்த சீசனுக்குத் தள்ளிவைக்கச் சொன்னார் உரிமையாளர். ஒப்புக்கொண்டோம்.

செய்த வேலை

பழைய ரப்பர் புஷ்ஷைத் தீயால் எரித்து எடுக்கும் பழக்கம் நம் ஊர்ப் பட்டறைகளில் பரவலாக இருக்கிறது. புகை நஞ்சு என்பது ஒருபுறம். பட்டையின் கண் சிவக்கும் அளவுக்குச் சூடானால் ஸ்பிரிங் எஃகுக்குக் கொடுத்த பதம் போய்விடும், பட்டை பிறகு அந்த இடத்தில் உடையும். எனவே பின்பக்க நிலைத்த கண்களில் முன்பு மாற்றாமல் விட்டிருந்த பழைய ரப்பர் புஷ்களை, நீளமான போல்ட்டும் இரண்டு அளவு சாக்கெட்டும் வைத்து இழுத்தெடுத்தோம். ஒன்று மட்டும் வரவில்லை. ஹாக்சா பிளேடால் வெளிக்குழலைக் கண்ணில் கீறல் விழாதபடி அறுத்து உள்பக்கம் மடித்து எடுத்தோம். கண்ணின் உள்முகத்தில் ஒரு கீறல் விழுந்தாலும் அடுத்த வெடிப்பு அங்கிருந்து தொடங்கும்.

ஷாக்கிள் போல்ட்டுகளில் பள்ளம் விழுந்திருந்ததால் எல்லாவற்றையும் மாற்றினோம். புதிய ரப்பர் புஷ்ஷைச் செருகச் சோப்புத் தண்ணீரைத் தவிர வேறு எதையும் பயன்படுத்தவில்லை. கிரீஸும் எண்ணெயும் ரப்பரை ஊதிப்போகச் செய்யும். சோப்பு காய்ந்துவிடும், ரப்பர் கண்ணைப் பிடித்துக்கொள்ளும்.

முன்பக்கம் முழுக் கட்டும் புதிதாக வாங்கினோம். பின்பக்கம் பழைய பட்டைகளே. கட்டைப் பிரித்தபோது ஒவ்வொரு பட்டையின் நுனியும் மேலே உள்ள பட்டையில் உளியால் வெட்டியதுபோல் பள்ளம் தோண்டியிருந்தது. கூரான நுனிகளை அரைத்து உருண்டையாக்கி, துருவைத் தேய்த்தெடுத்து, பள்ளம் ஆழமாக இருந்த ஒரு பட்டையை மாற்றினோம். நுனிகளில் நைலான் தகடுகள் வைத்தோம். பட்டைகளுக்கு இடையே கிரீஸ் பூசுவதா என்பதில் பட்டறைக்குள்ளேயே இரண்டு கருத்து இருந்தது. கொழுக்குமலைப் பாதையின் தூசு கிரீஸில் ஒட்டினால் அது அரைக்கும் பசையாகிவிடும் என்பது என் கருத்து. உலர்ந்த கிராஃபைட் தூள் போதும் என்று முடிந்தது. கிளிப்புகளைத் தளர்த்தி, பட்டைகள் விசிறிபோல் விரிய இடம் விட்டோம்.

ஹேங்கரின் வெடிப்பு முனையில் சிறு துளை போட்டு, கோட்டை முழுவதும் அரைத்தெடுத்து வெல்டிங் செய்து, பக்கவாட்டில் ஒரு முக்கோணத் தகடு தாங்கலாகக் கொடுத்தோம். சென்டர் போல்ட், யு-போல்ட் அனைத்தும் புதியவை. ஒருமுறை இறுக்கி நீண்ட யு-போல்ட்டை மீண்டும் போடுவது சிக்கனம் ஆகாது.

கடைசியாக, இந்த வேலையின் உயிர்நிலை. கண் போல்ட், ஷாக்கிள் போல்ட் எல்லாவற்றையும் கையால் திருகும் அளவுக்கு மட்டும் போட்டு வண்டியைத் தரையில் இறக்கினோம். முன்னும் பின்னும் பிடித்து ஆட்டினோம், பட்டைகள் தம் இடத்தில் அமர்ந்தன. பிறகு மூன்று பேரின் எடைக்கு மணல் மூட்டைகள். வெறும் வண்டியின் உயரமா, நிறைவண்டியின் உயரமா என்ற கேள்விக்கு நாங்கள் எடுத்த நடுநிலை அது. இந்த ஜீப் நிறைந்து ஏறுகிறது, சில நாள் பாதி நிறைந்து ஏறுகிறது, காலியாக ஓடுவது குறைவு. அந்த நிலையில், வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு டார்க் ரெஞ்சால் ஒவ்வொன்றாக இறுக்கினோம். சிரமமான வேலை. ஸ்டாண்டில் வைத்து இறுக்கினால் பாதி நேரத்தில் முடிந்திருக்கும். பலர் அப்படிச் செய்வதற்குக் காரணமும் அதுதான்.

இடைநிலைகளிலும் அளந்தோம். புஷ் மட்டும் மாற்றி, பழைய கூடுதல் பட்டைகளோடு பார்த்தபோது 28 செ.மீ. 33 ஆனது. பட்டை வேலையும் முடிந்தபோது 41 செ.மீ. வண்டியின் உயரம் வந்ததைவிடக் குறைந்திருந்தது. ஷாக்கிள்கள் வெளிப்பக்கம் சாய்ந்து நின்றன. சக்கரம் இப்போது அதிகம் இறங்குவதால் பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா, ஆக்சிலுக்குச் சக்தி கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டில் நீண்டு சுருங்கும் ஸ்லிப் ஜாயின்ட் வெளியே வருகிறதா என்று முழுத் தொங்கலில் பார்த்தோம். முன் இடது ஹோஸ் விறைத்து நின்றது. பிராக்கெட்டைச் சற்றுக் கீழே இறக்கிப் பொருத்தினோம்.

மலையில் நடந்தது

முதல் ஏற்றத்தில் நானும் உடன் போனேன். பயணிகள் இல்லை, மணல் மூட்டைகள்தான். உரிமையாளர் வழக்கமாக மோதி ஏறும் ஒரு இடம் உண்டு. இடப்பக்கம் மேசை போன்ற பாறை, வலப்பக்கம் நீர் அறுத்த ஓடை. அங்கே வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினேன். முதல் கியரில், லோ ரேஞ்சில், ஆக்சிலேட்டரைத் தொட்டும் தொடாமலும் வரச் சொன்னேன். இடது முன்சக்கரம் பாறையில் ஏறியபோது ஷாக்கிள் வெளியே போனதும், வலது சக்கரம் ஓடைக்குள் இறங்கியதும், டயரின் பக்கச்சுவர் தரையில் பதிந்து புடைத்ததும் தெளிவாகத் தெரிந்தன. ஒரு கல்கூடச் சிதறாமல் வண்டி ஏறியது.

அடி இடிப்பது பற்றிய அவருடைய கவலை நியாயமானது. உயரம் குறைந்ததால் ஒரு இடத்தில் டிரான்ஸ்ஃபர் கேஸின் (முன், பின் ஆக்சில்களுக்குச் சக்தியைப் பிரிக்கும் பெட்டி) அடித்தகடு உரசவே செய்தது. ஆனால் முன்பு இடித்ததில் பெரும்பகுதி வேகத்தில் எகிறி விழுந்ததால் வந்தது. மெதுவாகப் போகும்போது பாறையின் மேல் சக்கரத்தை வைத்துக் கடக்க முடிகிறது.

திரும்பி வரும் வழியில் வேறொரு குறை தெரிந்தது. போடிமெட்டிலிருந்து இறங்கும் வளைவுகளில் வண்டி முன்பைவிடச் சாய்ந்தது. மேலே கேரியரில் ஸ்டெப்னியும் சாமான் பெட்டியும் இருந்தன. ஸ்டெப்னியைப் பின்கதவுக்கு மாற்றி, கேரியரைக் கழற்றிவிடச் சொன்னோம். கேரியர் தொழிலுக்குத் தேவை என்று முதலில் மறுத்தார். சில நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு அவரே கழற்றினார்.

மழைக்காலத்துக்குப் பின்

தென்மேற்குப் பருவமழை முடிந்தபின் வண்டியை மீண்டும் பார்த்தோம். பின்பக்க ரப்பர் புஷ்கள் நல்ல நிலையில் இருந்தன, எதிலும் முறுக்குக் கிழிசல் இல்லை. முன் ஷாக்கிளின் கீழ்ப் புஷ்களில் விளிம்பில் மெல்லிய வெடிப்புகள் தொடங்கியிருந்தன. அதிகம் சாயும் இடம் அதுதான் என்பதால் வியப்பில்லை. ஹேங்கரில் மீண்டும் மண்ணெண்ணெய்ச் சோதனை செய்தோம், கோடு எழவில்லை. யு-போல்ட்டுகளைப் புதிதாகப் போட்டபின் 500 கி.மீ. ஓடியதும் இறுக்கியிருந்தோம், இப்போது எதுவும் தளரவில்லை.

முன் ஷாக் அப்சார்பர்கள் இரண்டும் எண்ணெய் கசிந்தன. சக்கரம் அதிகம் இறங்கத் தொடங்கியதும் அவை முழு நீளத்துக்கு இழுக்கப்பட்டு, ஒவ்வொரு பள்ளத்திலும் அவையே தடையாக நின்றிருக்கின்றன. ரப்பர் வளையங்கள் நசுங்கியிருந்தன. அமுங்கும்போது ரப்பர் தடுப்புக்கு முன்னால் முட்டாத, நீளும்போது பட்டைக்கு முன்னால் தீர்ந்துபோகாத நீளத்தில் புதியவை போட்டோம். அதன் பின் அளந்தபோது 44 செ.மீ. வந்தது. கிளட்ச் தட்டு முன்புபோல் நாறுவதில்லை என்று உரிமையாளர் சொன்னார். மோதி ஏறுவது நின்றதால் இருக்கலாம்; தனியாக அதை நாங்கள் சோதிக்கவில்லை.

அடுத்த வண்டியில் மாற்றவிருப்பவை

ஷாக் அப்சார்பரைத் தள்ளிவைக்க இனி ஒப்புக்கொள்ளப்போவதில்லை. சக்கரத்தின் பயணத்தைக் கூட்டும் எந்த வேலையிலும் அது சேர்ந்தே வர வேண்டும். பணம் போதாவிட்டால் கிளிப்பையும் பட்டையையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். புஷ்ஷும் ஷாக் அப்சார்பரும் முதலில்.

வரிசையிலும் ஒரு மாற்றம். புஷ் மட்டும் மாற்றியபோதே 5 செ.மீ. கூடியதைப் பார்த்தபின், வண்டியை உயர்த்தித் தரச் சொல்லி வருகிறவர்களிடம் முதலில் ஷாக்கிள் போல்ட்டைத் தளர்த்தி அளந்து காட்டுகிறோம். பட்டறைத் தரையில் அரை நாளில் முடியும் சோதனை. அந்த அளவைப் பார்த்தபின் உயரம் கேட்டவர்கள் குறைந்திருக்கிறார்கள்.

முன் ஷாக்கிள் கீழ்ப் புஷ்களை இந்த வண்டியில் ஆண்டுக்கு ஒருமுறை, மழைக்கு முன் மாற்றுவது என்று உரிமையாளரோடு பேசி முடிவாகியிருக்கிறது. மலையிலேயே மாற்ற நேர்ந்தாலும் போல்ட்டைச் சக்கரம் தரையில் இருக்கும்போதுதான் இறுக்க வேண்டும் என்று ஒரு அட்டையில் எழுதி, டூல்ஸ் பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் ஒட்டிக் கொடுத்திருக்கிறோம். சூரியநெல்லியில் அவருடன் ஓட்டும் இன்னும் சிலரும் அந்த அட்டையைக் கேட்டு வாங்கிப் போனார்கள்.